கானாவுக்கு ஒரு கூரை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஏதோ ஒரு தெரு. சாவு விழுந்த வீட்டு வாசலில் சாமியானா கட்டியாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவின் இரண்டு ஓரமும் போட்டிருக்கிறார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பெண்கள் அழுது ஓய்ந்திருக்கிறார்கள். கானா பாட வந்தவர் வந்ததும் மைக்கைத் தொடமாட்டார். இறந்தவரின் மகனையோ மச்சானையோ ஓரமாக அழைத்துப்போவார். “பெரியவர் பேர் என்னப்பா? என்ன வேலை பார்த்தாரு? பேரப் பசங்க பேரெல்லாம் வரிசையா சொல்லு” என்று விசாரித்துக்கொள்வார். அவ்வளவுதான் ஒத்திகை. டோலக்கும் சட்டியும் பின்னால் வந்து உட்கார்ந்ததும், தாளமில்லாமல் தொகையறாவாக ஓர் இழுப்பு. அந்த இழுப்பிலேயே இறந்தவர் பெயர் வந்துவிடும். ஹார்பரில் மூட்டை சுமந்தது, மகளைக் கட்டிக்கொடுத்தது, தெருவில் யாருக்கெல்லாம் கைகொடுத்தார் என்பது என ஒரு வாழ்க்கை அங்கேயே பாட்டாக மாறும். டோலக் அடி விழுந்ததும் தெரு நிமிர்ந்து உட்காரும்.

இதுதான் மரண கானா. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, காலடிப்பேட்டை, எண்ணூர் என்று துறைமுகத்தை ஒட்டியும் ஆலைகளைச் சுற்றியும் வளர்ந்த உழைப்பாளர் பேட்டைகளின் பாட்டு. தலித் மக்களின் வீட்டு வாசலில் பிறந்து, மீனவர், ரிக்‌ஷாக்காரர், ஆலைத் தொழிலாளி என்று எல்லோர் வாயிலும் புரண்டு வளர்ந்தது. சித்தர் பாடல்களின் நிலையாமையும் தர்காக்களில் பாடப்பட்ட பாட்டுகளின் மெட்டும் இதில் கலந்திருக்கின்றன. இந்தப் பாட்டுக்கு இன்றுவரை சொந்தமாக ஓர் அரங்கம் கிடையாது. சாவு வீடு, அம்மன் கோயில் திருவிழா, ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் மேடை, கல்யாண வரவேற்பு என்று இடம் கிடைக்கும் இடத்தில் பாடிவிட்டு மைக் செட்டைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இதே மாதிரி ஒரு துறைமுக நகரத்தில், இதே மாதிரி சாவு ஊர்வலத்தில் வளர்ந்த இன்னொரு இசை உலகத்தில் இருக்கிறது. அதற்கு வீடு கிடைத்தது. அதன் பெயர் ஜாஸ்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ், மிசிசிப்பி ஆற்றங்கரைத் துறைமுகம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே காங்கோ சதுக்கம் என்ற திடலில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கூடி மேளம் அடித்து ஆடினார்கள். பின்னாளில் அந்த நகரத்துக் கறுப்பின மக்களின் சாவு ஊர்வலத்தில் பித்தளைக் குழல்கள் முன்னே போகத் தொடங்கின. இடுகாடு போகும்வரை மெல்லிய சோகம். புதைத்துவிட்டுத் திரும்பும்போது குழல்கள் துள்ளும், பின்னால் வருகிற கூட்டம் குடையைச் சுழற்றிக்கொண்டு ஆடும். நம் ஊரில் சாவுக்கு ஆடுவதைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் இந்த ஊர்வலத்தை உலகம் எத்தனை மரியாதையோடு பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நியூ ஆர்லியன்ஸுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் அதைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

அந்த நகரத்தில் ஸ்டோரிவில் என்ற கேளிக்கைப் பகுதியில் பல இசைக்காரர்கள் பிழைத்தார்கள். 1917இல் கடற்படையின் நெருக்குதலால் அதை இழுத்து மூடினார்கள். ஏற்கெனவே தெற்கின் நிறவெறியிலிருந்து தப்பி, வேலை தேடி வடக்கு நகரங்களுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள். அவர்கள் பின்னாலேயே இசையும் போனது. 1922இல் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு ரயில் ஏறினார். தன் குருநாதர் கிங் ஆலிவரின் குழுவில், லிங்கன் கார்டன்ஸ் என்ற நடன அரங்கில் இரண்டாவது கார்னெட் வாசிக்க. அந்த அரங்கில் ஆடியவர்கள் பெரும்பாலும் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் இரும்பு ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள். பின்னி மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்து பெரம்பூர் தெருக்களில் கானா கேட்டவர்களின் கூட்டாளிகள் என்றே சொல்லலாம்.

அமெரிக்க கிளப்புகளின் கதையைப் பொன்னுலகமாகச் சொல்லிவிட முடியாது. மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரையிலான காலத்தில் பல கிளப்புகள் கள்ளச்சாராயக் கும்பல்களின் கையில் இருந்தன. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1923இல் திறந்த காட்டன் கிளப்பின் முதலாளி ஓனி மேடன் ஒரு ரவுடி. மேடையில் பாடியவர்கள், ஆடியவர்கள், வாசித்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். பார்க்க உள்ளே விட்டது வெள்ளைக்காரர்களை மட்டும். கறுப்பின மக்கள் வாழும் பேட்டையின் நடுவிலேயே அவர்களுக்கே கதவு சாத்திய கிளப் அது. ஆனாலும் 1927 டிசம்பர் முதல் டியூக் எலிங்டனின் குழு அங்கே வருஷக்கணக்கில் நிலையாக வாசித்தது. வானொலி வழியே அந்த இசை நாடு முழுவதும் போனது. ஒரே மேடை, நிலையான வேலை, நிலையான சம்பளம். அந்த நிம்மதியில்தான் எலிங்டனால் தன் குழுவின் ஒவ்வொரு வாத்தியக்காரர் குரலையும் அறிந்து இசை எழுத முடிந்தது. சுரண்டலும் வளர்ச்சியும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன. நாம் ஓர் அரங்கம் கேட்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

அதே ஹார்லெமில் 1926இல் திறந்த சவாய் பால்ரூமில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். 1938இல் நகரத்தின் இன்னொரு பக்கம் பார்னி ஜோசப்சன் என்பவர் கஃபே சொசைட்டி என்ற கிளப்பைத் திறந்தார். மேடையில் மட்டுமல்ல, மேஜையிலும் இன வேறுபாடு கிடையாது என்பதைக் கொள்கையாகவே வைத்தார். கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற கொடுமையைப் பற்றிய பாட்டை பில்லி ஹாலிடே 1939இல் பாடத் தொடங்கியது அங்கேதான். அந்தப் பாட்டு பாடும்போது பரிமாறுவதை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி செய்தார் ஜோசப்சன். அரங்கம் பாட்டுக்குச் செய்யக்கூடிய மரியாதை அது.

மின்டன்ஸ் பிளேஹவுஸ் கதை இன்னும் முக்கியம். 1938இல் அதைத் தொடங்கிய ஹென்றி மின்டன், நியூயார்க் இசைக் கலைஞர் தொழிற்சங்கத்தின் முதல் கறுப்பினப் பிரதிநிதி. தொழிற்சங்கக்காரர் என்பதால் அவருக்குக் கலைஞர்களின் பசி தெரியும். 1940 முதல் அங்கே நிர்வாகியாக இருந்த டெடி ஹில், திங்கட்கிழமை இரவுகளில் வாத்தியக்காரர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டார். திலோனியஸ் மங்க், கென்னி கிளார்க், டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் போன்றவர்கள் அங்கே ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்து வாசித்ததில்தான் பீபாப் என்ற புதிய ஜாஸ் உருவானது. கேட்க உட்கார்ந்திருந்தவர்களும் வாத்தியக்காரர்கள். தப்பு வாசித்தால் முகத்துக்கு நேரே தெரிந்துவிடும்.

இதற்கு இணையானது நம்மிடம் இருக்கிறது. போட்டி கானா. இரண்டு பாடகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கேள்வியாகப் போட்டதற்கு அடுத்தவர் அதே மெட்டில் பதிலாகக் கட்டிப் பாட வேண்டும். சுற்றிலும் நிற்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்; சந்தம் இடறினால் சிரித்துவிடுவார்கள். ஆனால் அது நடப்பது ஒரு தெருமுனையில், ஒரு ராத்திரி. அடுத்த வாரம் அதே ஆட்கள் அதே இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. மின்டன்ஸ் போன்ற ஓர் அறை வாரா வாரம் ஒரே நாளில் திறந்திருந்ததுதான் அந்தச் சோதனையைத் தொடர்ச்சியாக்கியது.

போலீஸும் இரண்டு கதையிலும் வருகிறது. நியூயார்க்கில் 1926இல் கேபரே சட்டம் கொண்டுவந்தார்கள். 1940 முதல் கிளப்பில் வாசிக்கவோ பாடவோ வேண்டுமானால் ஒவ்வொரு கலைஞரும் போலீஸிடம் கைரேகை கொடுத்து அட்டை வாங்க வேண்டும். ஒரு வழக்கு இருந்தால் அட்டை போச்சு. பில்லி ஹாலிடேயிடம் 1947இல் பறித்த அட்டை 1959இல் அவர் சாகும்வரை திரும்பவில்லை. பெரிய கச்சேரி மண்டபங்களில் பாட முடிந்தவரால் மது விற்கும் சின்ன கிளப்பில் பாட முடியவில்லை. மங்க் 1951 முதல் ஆறு வருஷம் நகரத்து கிளப்புகளுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். 1957இல் அட்டை திரும்பியதும் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன கிளப்பில் ஜான் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார். அந்த இரவுகளைப் பற்றி ஜாஸ் உலகம் இன்னமும் பேசுகிறது. அட்டை முறை 1967இல் ஒழிந்தது. கேபரே சட்டத்தை முழுமையாக எடுத்தது 2017இல்.

வடசென்னையில் அட்டை இல்லை. பத்து மணி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விதியில் தவறில்லை, பக்கத்து வீட்டில் நோயாளி இருப்பார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். ஆனால் அதே விதி ஒரு விலக்கையும் சொல்கிறது. அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்குள்ளே ஒலிக்கருவி வைக்கலாம். சபாவில் ராத்திரி பத்தரைக்குத் தில்லானா முடிந்தால் கேட்க ஆளில்லை. கூரை இருக்கிறது. தெருவில் பாடுகிறவருக்குக் கூரை இல்லாததால் அவர் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுகிறார். மரண கானா பாடகரை ரவுடி மாதிரி நடத்தும் பழக்கத்துக்கு இந்த ஒரே காரணம்தான் என்று சொல்ல மாட்டோம், சாதியும் அதில் இருக்கிறது. ஆனால் கூரை கொடுத்தால் பாதிச் சச்சரவு தீரும்.

வடசென்னை மண்ணுக்கு இசை புதிதா என்ன? காலடிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளலாம். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர் இது. காலெட் பேட்டை என்பதே காலடிப்பேட்டை ஆயிற்று. அவர் காலத்தில் எழுந்ததுதான் கல்யாண வரதராசப் பெருமாள் கோயில். கூப்பிடு தூரத்தில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் தன் சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பில் இந்தப் பக்கம் வந்து, வடிவுடையம்மன் மேல் பாடிய ஐந்து கிருதிகளைத்தான் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று இன்றும் பாடுகிறார்கள். அந்தக் காலத்தில் சங்கீதத்தை ஆதரித்த செல்வந்தர்களின் வீடுகள் ஜார்ஜ் டவுனில் இருந்தன. பின்னாளில் கச்சேரிகள் ஆர்மேனியன் தெரு கோகலே மண்டபத்திலும் கோவிந்தப்ப நாயக்கன் தெரு சௌந்தர்ய மஹாலிலும் நடந்தன. பணமுள்ளவர்கள் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் குடிபெயர, சபாக்களும் தெற்கே போய்விட்டன. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி இன்று எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் மட்டும் எஸ்பிளனேடில், வடசென்னையின் வாசற்படியில் நிற்கிறது. அதற்கு வடக்கே எண்ணூர் வரை, பாட்டுக்கென்றே கட்டிய பெயர் சொல்லும்படியான அரங்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஆலைகள் வந்தன. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி, எம்.ஆர்.எஃப்., 1955இல் என்ஃபீல்ட். எண்ணூரில் அசோக் லேலண்ட், அனல்மின் நிலையம். 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களிடம்தான் பிறந்தது. ஹார்பரில் 1983இல் நாட்டின் முதல் கண்டெய்னர் முனையம் தொடங்கிய பிறகு மூட்டை தூக்கும் கைகளுக்கு வேலை குறைந்தது. 1996இல் பின்னி மில் மூடியது. கானாவின் சோகத்துக்கும் நக்கலுக்கும் பின்னால் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

கானாவைப் பொது உலகுக்குக் கொண்டுபோனது சினிமா. 1958இல் ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரராக வந்து மெட்ராஸ் தமிழ் பேசிய சந்திரபாபு, மேற்கத்திய யோடலிங்கையும் தமிழ்ப் பாட்டையும் ஒன்றாக்கியவர். இசையமைப்பாளர் தேவா 90களில் கானாவைத் திரை இசையின் தவிர்க்க முடியாத பகுதியாக்கினார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் மீன்களுக்குக் கல்யாணம் நடத்திய பாட்டோடு கானா உலகநாதன் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். 2012இல் ‘அட்டகத்தி’ வழியே கானா பாலா. சினிமா கொடுத்தது பெயரும் கொஞ்சம் பணமும். எடுத்துக்கொண்டது நேரத்தை. பந்தலில் ஒரு மணி நேரம் நிதானமாக விரியும் கானா, திரையில் நாலு நிமிஷத்துக்குள் குத்தாட்டமாகச் சுருங்க வேண்டியிருந்தது. யார் செத்தார், எப்படி வாழ்ந்தார் என்ற கதைக்கு அங்கே இடமில்லை.

இந்த நிலையில்தான் 2018 ஜனவரி 6 முக்கியமான நாளாகிறது. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளி மைதானத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், கிடார், டிரம்ஸ், பக்கத்திலேயே சட்டியும் பறையும். சாதியைப் பற்றி, இட ஒதுக்கீட்டைப் பற்றி, உணவைப் பற்றி நேரடியாகப் பாடினார்கள். அறிவு என்ற பாடகரைத் தமிழ் உலகம் அறிந்தது இந்தக் குழுவில்தான். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் வடசென்னைப் பெண் இசைவாணி வந்து நின்றார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. மார்கழி என்றால் சபா மட்டும்தானா என்று கேட்டு, பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை கொடுத்தார்கள். 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா மெட்ராஸ் தமிழில் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய ‘பொறம்போக்கு’ காணொளி இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்த கை.

எல்லாம் நல்ல முயற்சிகள்தான். ஆனால் திருவிழா முடிந்ததும் மேடையைப் பிரித்துவிடுகிறார்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டைக் கேட்டு மனசு மாறிய கல்லூரி மாணவன், அடுத்த சனிக்கிழமை காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி, டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து கானா கேட்க ஓர் இடம் வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. இசைக்காக வடக்கே வர ஒரு முகவரிதான் இல்லை.

யூடியூப் போதாதா என்று கேட்கலாம். சின்ன அறையில் மைக் வைத்துப் பாடிப் பதிவேற்றி லட்சக்கணக்கான பேரை அடைகிற பையன்கள் இருக்கிறார்கள். அதே யூடியூப்பில்தான் பெண்களை இழிவாகப் பேசும் வரிகளும் பெருகின. அதற்காகச் சிலர் மேல் வழக்குகளும் பாய்ந்தன. கானாவை விரும்புகிறவர்கள் இதை மூடி மறைக்கக் கூடாது. பந்தலில் பாடும்போது எதிரே அத்தையும் பாட்டியும் உட்கார்ந்திருப்பார்கள், வாய் தானாக அடங்கும். விவரம் தெரிந்த கேட்போர் எதிரே இருப்பது எந்தக் கலையையும் நேர்படுத்தும். தனியறையும் பார்வை எண்ணிக்கையும் அதைச் செய்யாது.

கிளப் என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் 1935இல் மேக்ஸ் கார்டன் தொடங்கிய ஒரு நிலவறை. முக்கோண வடிவம், 123 பேர்தான் உட்கார முடியும். சோனி ராலின்ஸ், பில் எவன்ஸ், கோல்ட்ரேன் ஆகியோரின் புகழ்பெற்ற நேரடிப் பதிவுகள் அந்தச் சின்ன அறையில் எடுத்தவை. 1966 முதல் திங்கட்கிழமை தோறும் ஒரே இசைக்குழு அங்கே வாசித்துவருகிறது. நியூ ஆர்லியன்ஸில் 1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால் அதையும்விட எளிமையானது. வயதான கலைஞர்களுக்கு மரியாதையும் வருமானமும் கொடுக்கவே திறந்தார்கள். வடசென்னையில் வயதான கானாப் பாடகர்கள் எத்தனையோ பேர் மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டுகள் அவர்களோடே போய்க்கொண்டிருக்கின்றன. பலருக்கு அவற்றை எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. இந்த இழப்புக்கு ஈடு கிடையாது.

அதே நியூ ஆர்லியன்ஸ் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. 1960களில் ட்ரெமே என்ற கறுப்பினப் பேட்டையின் உயிர்நாடியான கிளேபோர்ன் சாலைமீது விரைவுச்சாலை மேம்பாலத்தைக் கட்டினார்கள். மரநிழல் போனது, கடைகள் போயின, ஊர்வலம் போன பாதை தூணடியாக ஆனது. இங்கே கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கானாவும் கூடவே போனது, அங்கேயும் பாடுகிறார்கள். ஆனால் பாட்டு பிறந்த தெருவும் கேட்டு வளர்ந்த கூட்டமும் சிதறின. வளர்ச்சித் திட்டம் போடுகிறவர்கள் சாலை, சாக்கடை, குடிநீர் மூன்றையும் எழுதுகிறார்கள். அங்கே ஏற்கெனவே வாழும் கலை அந்தப் பட்டியலில் வருவதில்லை.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்காக 2023-24 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 1,000 கோடி ரூபாய் அறிவித்தது. அந்தத் திட்டத்துக்குள் இருநூறு பேர் உட்காரும் ஒரு கானா அரங்கம் வர வேண்டும். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ காலடிப்பேட்டையிலோ, மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில். சத்தம் வெளியே போகாத சுவர், பக்கத்திலேயே ஒரு பதிவு அறை, வயதான பாடகர்களின் பாட்டுகளைச் சேமிக்க ஒரு காப்பகம். யார் பாடுவது, எப்போது பாடுவது என்பதை அதிகாரிகள் முடிவு செய்யக் கூடாது. ஹென்றி மின்டன் போல, பாடகர்களிலிருந்தே வருகிற ஒரு குழுவிடம் விட வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். காட்டன் கிளப் போல வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும் டிக்கெட் வைக்காமல், பேட்டைக்காரர் குடும்பத்தோடு வரக்கூடிய விலை வைக்க வேண்டும். சென்னை மாநகராட்சியிடம் சமுதாயக் கூடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அரங்கம் எழும்பும்வரை காத்திருக்காமல், அவற்றில் ஒன்றை மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை இரவுகள் கானாவுக்கு ஒதுக்கிக்கொடுக்க ஓர் ஆணை போதும். இந்தப் பகுதியின் கவுன்சிலர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் அதை முதலில் கேட்க வேண்டும்.